சாம்பிளைக் கொடுத்தவர்களுக்கு மருந்து எப்போது?

பெருந்தொற்று உடன்படிக்கையின் இணைப்பு ஆவணத்தைப் பேசி முடிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும், உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகளுடைய பிரதிநிதிகளுக்கு,

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். கொரோனா காலம் முழுக்க ஆர்டிபிசிஆர் மெஷின் முன்னால் நின்றவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் பேச்சுவார்த்தை மேசையில் வைத்து வாதாடுகிற கிருமி சாம்பிள்கள் எங்களைப் போன்றவர்களின் கை வழியாகத்தான் உலகத்துக்குப் போகின்றன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

2025 மே 20 அன்று ஜெனீவாவில் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டீர்கள். அதற்கு முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பேசிக் கொண்டுவந்த ஆவணம். ஆனால் அதன் 12-ஆம் பிரிவின் விவரங்களை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தனி இணைப்புக்குத் தள்ளிவிட்டீர்கள். கிருமியைப் பகிர்ந்துகொள்ளும் நாட்டுக்கு அதிலிருந்து உண்டாகும் தடுப்பூசியிலும் மருந்திலும் பரிசோதனைக் கிட்டிலும் என்ன பங்கு என்று சொல்ல வேண்டிய பிரிவு அது. அந்த இணைப்பு ஏற்கப்படாமல் உடன்படிக்கை கையெழுத்துக்கே திறக்கப்படாது. திறந்த பிறகும் 60 நாடுகள் உறுதி செய்தால்தான் நடைமுறைக்கு வரும்.

இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கண்காணிப்பைப் பலப்படுத்துவோம், ஆய்வகங்களை மேம்படுத்துவோம், ஒத்துழைப்போம் என்று எழுதுவதில் எந்த நாட்டுக்கும் பெரிய இழப்பு இல்லை. யாராவது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் 12-ஆம் பிரிவுதான். அங்கே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த ஸ்வாபைக் குழாயில் போட்டு, மூன்று அடுக்காகப் பொதிந்து, ஐஸ் பேக் வைத்த பெட்டிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து கொண்டுவருவார்கள். பிபிஇ உடைக்குள் வியர்த்து ஊறிக்கொண்டே அவற்றைப் பிரித்து ஓட்டுவோம். பாசிட்டிவ் வந்ததில் சிடி மதிப்பு குறைவாக இருப்பவற்றை, அதாவது வைரஸ் அதிகம் இருப்பவற்றைத் தனியாக எடுத்து மைனஸ் எண்பது டிகிரி குளிரில் வைத்து, மரபணு வரிசை பார்க்க அனுப்புவோம். முதலில் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021 செப்டம்பரில் சென்னையிலேயே மாநில அரசின் வரிசைப்படுத்தும் ஆய்வகம் வந்தது. படித்த வரிசைகள் ஜிசெய்ட் தரவுத்தளத்தில் ஏறும். அங்கே பதிவு செய்துகொண்ட எவரும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கட்டும், அதற்குத்தானே அனுப்புகிறோம். கிருமியைப் பற்றிய தகவலைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் நினைத்ததே இல்லை.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. அந்த மாதம் எங்களுக்குச் சாம்பிள் பெட்டிகளை வேனில் கொண்டுவந்துகொண்டிருந்த டிரைவர் இறந்துபோனார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. தற்காலிக வேலை என்பதால் முன்களப் பணியாளர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. மே 1 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தடுப்பூசி என்று அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் முகாமில் அவர் போய் நின்றபோதெல்லாம் ஸ்டாக் இல்லை என்றார்கள். அவருடைய சாம்பிளையும் எங்கள் மெஷினில்தான் ஓட்டினோம். அடையாள எண்ணைப் பார்த்ததும் யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனைவியிடம் போனில் பேசுவதற்கு எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை, கடைசியில் எங்கள் சீனியர் அக்காதான் பேசினார்.

அதே மே மாதத்தில் தமிழ்நாடு அரசு 3.5 கோடி டோஸ் தடுப்பூசிக்கு உலக அளவில் டெண்டர் விட்டது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. பணம் கொடுக்கத் தயாராக இருந்த, ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஒரு மாநிலத்துக்கு விற்கச் சந்தையில் சரக்கு இல்லை. கனடா போன்ற நாடுகள் தங்கள் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு டோஸ்களுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தன. ஏழை நாடுகளுக்கும் சேர்த்து வாங்கித் தருவதற்காக நீங்கள் உருவாக்கிய கோவாக்ஸ் திட்டம் 2021 முடிவுக்குள் 200 கோடி டோஸ் என்று இலக்கு வைத்தது. அது நூறு கோடியைத் தொட்டதே 2022 ஜனவரியில்தான்.

எங்களிடமிருந்து போனது வைரஸின் வரிசை. அந்த வரிசை ‘இந்திய வகை’ என்ற பெயரோடு செய்திகளில் திரும்பி வந்தது. டெல்டா என்று நீங்கள் பெயர் வைத்தது மே 31-ஆம் தேதி. அதற்குள் கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. என் சித்தப்பா மகன் ஆஸ்திரேலியக் குடிமகன். அப்பாவின் காரியத்துக்கு ஊருக்கு வந்தவன் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டான். இந்தியாவில் இருந்துவிட்டு வரும் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் என்று அந்த நாடு மே 3 முதல் உத்தரவு போட்டிருந்தது. மெல்பர்னில் அவனுடைய இரண்டு சின்னப் பிள்ளைகள் வீடியோ காலில், அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த உத்தரவு காலாவதியானது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நோயை வெளிப்படையாகச் சொன்ன ஒரு நாட்டின் மீது இப்படி ஓர் ஆணை பிறந்தது என்பது, அடுத்த முறை எந்த நாட்டு அதிகாரியும் வாயைத் திறப்பதற்கு முன் யோசிக்க வைக்கும்.

ஆறு மாதம் கழித்து இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. போட்ஸ்வானாவில் விஞ்ஞானி சிக்குலிலே மோயோவின் குழுவும், தென்னாப்பிரிக்காவில் விஞ்ஞானி துலியோ டி ஒலிவேராவோடு வேலை செய்த குழுக்களும், கொரோனாவின் ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்தன. ஏராளமான மரபணு மாற்றங்கள் உள்ள வகை. மறைக்கவில்லை, தள்ளிப்போடவும் இல்லை. நவம்பர் 24 அன்று உலக சுகாதார அமைப்புக்கு அறிவித்து, மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அன்று இரவே பிரிட்டன் தெற்கு ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளைச் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அதற்கடுத்த நாள்தான் நீங்கள் அதற்கு ஒமிக்ரான் என்று பெயரே வைத்தீர்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. கொஞ்ச நாளில் நெதர்லாந்து ஒரு விஷயம் சொன்னது: நவம்பர் 19-லும் 23-லும் தங்கள் நாட்டில் எடுத்த சாம்பிள்களிலேயே அந்த வகை இருந்திருக்கிறது. அதாவது தென்னாப்பிரிக்கா சொல்வதற்கு முன்பே அது ஐரோப்பாவுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொன்னவர்களின் விமானங்கள்தான் நின்றன.

ஆய்வகத்தில் இருப்பவளாக எனக்கு அதில் அதிகம் வலித்தது இன்னொன்று. விமானங்கள் நின்றதால் வரிசை படிக்கத் தேவையான ரீஏஜென்ட் என்ற வேதிப்பொருள் வந்து சேராது, சில நாளில் தீர்ந்துவிடும் என்று டி ஒலிவேரா எச்சரிக்க வேண்டியிருந்தது. ரீஏஜென்ட் இல்லாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பெட்டிகள் குவிந்துகொண்டே இருக்கும். யாருக்கும் பதில் சொல்ல முடியாது. உலகத்துக்கே எச்சரிக்கை கொடுத்த ஆய்வகத்தை அந்த நிலைக்குத் தள்ளுவது அறிவியலுக்கும் நல்லதல்ல, மனிதத்தன்மையும் அல்ல.

அந்த நாட்டின் தடுப்பூசிக் கதையையும் நினைவுபடுத்த வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியின் பரிசோதனைக்குத் தென்னாப்பிரிக்க மக்கள் கை நீட்டினார்கள். அந்த நாட்டின் கெபெர்ஹா நகரத்து ஆலையில் அது குப்பிகளில் அடைக்கப்பட்டது. அப்படி அடைத்த டோஸ்களில் ஒரு பகுதி 2021-ன் நடுவில், சொந்த மக்கள் வரிசையில் காத்திருந்தபோது, ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

இது கொரோனாவோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. 2007-ல் இந்தோனேசியாவின் சுகாதார அமைச்சர் சித்தி ஃபதீலா சுபாரி, எச்5என்1 பறவைக் காய்ச்சல் சாம்பிள்களை இனி அனுப்ப மாட்டோம் என்று அறிவித்தார். இந்தோனேசியர்களின் உடலிலிருந்து எடுத்த வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிக்கிறது, அதை வாங்க இந்தோனேசியாவால் முடியாது என்பது அவருடைய புகார். அன்று உலகமே அவரைக் கடிந்துகொண்டது. சாம்பிளை நிறுத்துவது ஆபத்து என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, எங்கள் ஆய்வகம் ஒருநாளும் அதைச் செய்யக்கூடாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் 2011-ல் பெருந்தொற்று இன்ஃப்ளுயன்ஸா ஆயத்தச் சட்டகம் பிறந்தது. வைரஸை எடுத்துப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், ஆண்டுதோறும் பங்களிப்பு கட்ட வேண்டும், பெருந்தொற்று வந்தால் தயாரிப்பில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். குறை ஒன்றுதான்: அது இன்ஃப்ளுயன்ஸாவுக்கு மட்டும். கொரோனா வந்தபோது அந்தக் காகிதத்தால் எங்களுக்கு ஒரு டோஸ்கூடக் கிடைக்கவில்லை.

கட்டுப்பாடு போட்டால் ஆராய்ச்சி தாமதமாகும், நிறுவனங்கள் விலகிப் போய்விடும் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். 2011 முதல் அந்தச் சட்டகம் நடைமுறையில் இருக்கிறது. 1952 முதல் உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் காய்ச்சல் சாம்பிள்களைப் பகிர்ந்துவருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை அடுத்த பருவத்துக்கான தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள், நிறுவனங்களும் தயாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. எதுவும் நின்றுபோகவில்லை. நிபந்தனையோடு பகிர்ந்தால் வேலை நடக்காது என்ற வாதத்தைக் காய்ச்சல் ஆய்வகங்களில் வேலை செய்கிற யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எபோலாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் யாம்புக்கு கிராமத்தில் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தவர் அந்த நாட்டு மருத்துவர் ழான்-ழாக் முயம்பே. அங்கிருந்து ஒரு தெர்மோஸ் குடுவையில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போன ரத்தத்திலிருந்துதான் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 1995-ல் அதே நாட்டின் கிக்விட் நகரில் பிழைத்து எழுந்த ஒருவரின் ரத்தத்திலிருந்து ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பிரித்தெடுக்கப்பட்டது. 2018-19-ல் காங்கோவில் நடந்த பரிசோதனையில் அதுவும் இன்னொரு எதிர்ப்பொருள் மருந்தும் இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தன. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற மருந்துகளில் பாதிப் பேர் இறந்தார்கள். 2020-ல் இரண்டுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் பிறகு அவற்றின் இருப்பில் பெரும்பகுதி அமெரிக்காவின் அவசரக் கையிருப்பில் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் எளிதில் கிடைப்பதில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு குற்றம் சாட்டியிருக்கிறது. ரத்தம் காங்கோவுடையது, பரிசோதனைக்குப் படுத்தவர்கள் காங்கோ மக்கள். மருந்து கேட்டு நிற்பவர்களும் அவர்களே.

நாடுகள் மனது வைத்தால் நடக்கும் என்பதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2018-ல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தபோது எங்கள் மாவட்டங்களிலும் பயம் இருந்தது, எல்லையில் பரிசோதனை போட்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பேராம்பராவின் செவிலியர் லினி இறந்த செய்தி வந்த அன்று எங்கள் மருத்துவமனையில் செவிலியர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து எம்102.4 என்ற எதிர்ப்பொருள் மருந்து கேரளாவுக்கு அனுப்பப்பட்டது. அமெரிக்காவில் ஆராய்ந்து உருவாக்கியது, நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸுக்காக ஆஸ்திரேலியா வைத்திருந்தது. கேட்டதும் கொடுத்தார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அந்த மருந்து வந்து சேர்ந்தபோது நோய் அடங்கிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஏற்பாட்டில் இவ்வளவுதான் முடியும். கேட்காமலே புறப்படும் ஏற்பாட்டைத்தான் இணைப்பில் எழுதச் சொல்கிறேன்.

இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒன்று. 2020 அக்டோபர் 2-ல் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா மருந்துகளுக்கான காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்டது நீங்கள்தான். அதில் பெருமைப்பட்டேன். அடுத்த வசந்தத்தில் நம் நாட்டில் அலை எழுந்ததும் தடுப்பூசி ஏற்றுமதி நின்றது. கோவாக்ஸ் திட்டத்தின் மூலம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய டோஸ்கள் 2021 நவம்பர் வரை போகவில்லை. எங்கள் டிரைவரை இழந்த வலியோடுதான் சொல்கிறேன், அந்த மாதங்களில் உகாண்டாவிலும் கென்யாவிலும் இதே போன்ற டிரைவர்கள் ஊசிக்குக் காத்திருந்தார்கள். நமக்கு வேண்டும் என்று கேட்கிற நியாயம் நம்மையும் கட்டுப்படுத்த வேண்டும்.

2025 ஜனவரி 20-ல் அமெரிக்க அதிபர் உலக சுகாதார அமைப்பிலிருந்து விலகும் ஆணையில் கையெழுத்திட்டார், உடன்படிக்கைப் பேச்சிலிருந்தும் அந்த நாடு வெளியேறியது. அதைக் காரணம் காட்டி மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. மருந்து தயாரிக்கும் திறன் ஐரோப்பாவில் இருக்கிறது, ஜப்பானில் இருக்கிறது, சீனாவில் இருக்கிறது, இந்தியாவில் இருக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

கிருமி சாம்பிளையோ அதன் மரபணு வரிசையையோ வணிகத்துக்குப் பயன்படுத்தும் எந்த நிறுவனமும், எடுப்பதற்கு முன்பே உலக சுகாதார அமைப்போடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று இணைப்பில் எழுதுங்கள். தரவுத்தளத்தில் பெயர் சொல்லாமல் நுழைந்து எடுத்துக்கொண்டு போக வழி வைக்காதீர்கள். நாங்கள் ஒவ்வொரு குழாய்க்கும் யார் எடுத்தது, யார் கொண்டுவந்தது, யார் ஓட்டியது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். எடுத்துச் செல்பவரும் போடட்டும்.

பெருந்தொற்றின்போது தயாரிப்பில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்குவது, அதில் மொத்தத் தயாரிப்பின் குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாக, மீதி கட்டுப்படியாகும் விலையில் என்று உடன்படிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது வரும் என்பதையும் எழுதுங்கள். ஆலையிலிருந்து வெளிவரும் முதல் வாரத்துச் சரக்கிலிருந்தே பங்கு பிரிய வேண்டும், பணக்கார நாடுகளின் ஆர்டர்கள் முடிந்தபின் மிஞ்சுவதிலிருந்து வேண்டாம். அதில் முதல் டோஸ்கள் சுகாதாரப் பணியாளர்களுக்கு. அந்தப் பட்டியலில் சாம்பிள் வண்டி ஓட்டுபவரும், வார்டைத் துடைப்பவரும், ஒப்பந்தத் தொழிலாளியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும்.

பெருந்தொற்று அவசரநிலை அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். எபோலாவும் நிபாவும் குரங்கம்மையும் ஓர் ஊரில், ஒரு நாட்டில் பரவும்போதே அந்த நாட்டுக்கு மருந்தும் கிட்டும் கிடைக்க இணைப்பில் இடம் வேண்டும். உள்ளூரில் தயாரிக்க உரிமமும் தொழில்நுட்பமும் கொடுப்பதை விருப்பமாக விடாமல் ஒப்பந்தத்தின் பகுதியாக்குங்கள்.

புதிய நோயையோ வகையையோ முதலில் அறிவிக்கும் நாட்டின் மீது பயணத்தடை போடும் எந்த அரசும், பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகளின் 43-ஆவது பிரிவு சொல்வதுபோல் அதற்கான அறிவியல் காரணத்தை 48 மணி நேரத்துக்குள் உலக சுகாதார அமைப்பிடம் கொடுத்ததா என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். தடை எதுவாக இருந்தாலும் அந்த நாட்டின் ஆய்வகங்களுக்கு ரீஏஜென்டும் கிட்டும் போகும் சரக்கு விமானங்கள் நிற்கக் கூடாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

இந்திய அரசு, மருந்து மற்றும் தடுப்பூசி ஏற்றுமதியை ஒட்டுமொத்தமாக நிறுத்துவதில்லை என்றும், உள்நாட்டுத் தேவைக்கும் வெளிநாட்டுக் கடமைக்கும் எந்த விகிதம் என்றும் இப்போதே, நோய் இல்லாத காலத்திலேயே, அறிவிக்க வேண்டும்.

கடைசியாக, மூடிய அறைக்குள் உங்கள் நாடு 12-ஆம் பிரிவு பற்றி என்ன சொல்கிறது என்பதை உங்கள் மக்களுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாடும் தன் நிலைப்பாட்டை எழுத்தில், தன் மக்களின் மொழியில், அடுத்த சுற்றுப் பேச்சு தொடங்குவதற்கு முன் வெளியிட வேண்டும். இணைப்பை முடிக்கும் தேதியையும் அதோடு சேர்த்து அறிவித்து, அந்தத் தேதியில் முடியுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் ஓர் அரசு ஆய்வகப் பணியாளர்